இருக்கையும் திரையும்

2011 ஜூலை 10. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் எச்ஆர்டி அணியின் காருக்குள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் இல்லை. அந்த ஆண்டின் முதல் எட்டுப் பந்தய வாரங்களிலும் அந்த இருக்கை அவருடையதாக இருந்தது. ஒன்பதாவது பந்தயத்தில் அது ரெட் புல் நிறுவனம் வளர்த்துவந்த 22 வயது ஆஸ்திரேலியர் டேனியல் ரிக்கியார்டோவிடம் போனது. பத்தொன்பது நாள் கழித்து, ஜூலை 29 அன்று, பிரிட்டனில் வேறொரு செய்தி வெளியானது. 2012 முதல் ஃபார்முலா ஒன் பந்தயங்கள் அனைத்தையும் நேரலையாகக் காட்டும் உரிமை ஸ்கை என்ற கட்டணச் சேனலுக்குப் போகிறது. யாரும் தனியாகப் பணம் கட்டாமல் பார்க்கும் பிபிசிக்குப் பாதிப் பந்தயங்கள் மட்டுமே மிஞ்சும்.

ஒன்று விளையாட்டுப் பக்கச் செய்தி, மற்றது வணிகப் பக்கச் செய்தி. இரண்டும் வேறு வேறு என்றுதான் அன்று தோன்றியது.

அக்டோபர் 30 அன்று தில்லிக்கு அருகே, கிரேட்டர் நொய்டாவில், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அந்த ஒரு நாளுக்காகக் கார்த்திகேயனுக்கு இருக்கை திரும்பக் கிடைத்தது. அணியின் இன்னொரு ஓட்டுநரான இத்தாலியர் லியுஸி விலகி வழிவிட்டார். சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கு அந்த வார வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் லோட்டஸ் காரில் ஏற மட்டுமே வாய்ப்பு கிடைத்தது, பந்தயத்தில் இல்லை. ஜூலையில் போதாத ஓட்டுநர் அக்டோபரில் எப்படிப் போதுமானவர் ஆனார்? மூன்று மாதத்தில் அவருடைய வேகம் மாறிவிடவில்லை. பார்க்கப்போகும் கண்கள் மாறியிருந்தன.

ஓட்டுநர்களின் அணி மாற்றங்களைக் கடிகாரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் பாதிதான் விளங்கும். யார் பார்க்கிறார்கள், எந்த வாசல் வழியாகப் பார்க்கிறார்கள், வாசலில் நின்று காசு வாங்குவது யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் மீதிப் பாதி பிடிபடும்.

சக்கரம் முளைத்த சிகரெட் பெட்டி

1965இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1968இல், லோட்டஸ் கார்கள் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தில் வந்து நின்றன. அது கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் வண்ணம். விளம்பர இடைவேளைக்குள் நுழைய முடியாத பொருள், விளையாட்டு ஒளிபரப்பின் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு காரின் பக்கவாட்டுப் பரப்பு எவ்வளவு விலை போகும் என்பது அது எத்தனை நொடி திரையில் தெரியும் என்பதைப் பொறுத்தது.

அந்தப் பணம் ஓட்டுநர்களை எப்படி நகர்த்தியது என்பதற்கு ஜேம்ஸ் ஹன்ட் நல்ல உதாரணம். அவர் ஓட்டிய ஹெஸ்கெத் அணி ஒரு பிரபுவின் சொந்தப் பணத்தில் நடந்தது. காரில் விளம்பரமே வேண்டாம் என்ற மிடுக்கு அதற்கு இருந்தது. 1975 முடிவில் கையிருப்பு தீர்ந்தது. அதே சமயம் மெக்லாரன் அணியின் எமர்சன் ஃபிட்டிபால்டி, பிரேசிலின் சர்க்கரைக் கூட்டுறவு நிறுவனமான கோப்பர்சூக்கரின் பணத்தில் தன் அண்ணன் நடத்திய அணிக்குப் போய்விட்டார். காலியான இருக்கையில் மார்ல்போரோவின் ஆதரவோடு ஹன்ட் உட்கார்ந்தார். மறு ஆண்டே ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டம் வென்றார். சர்க்கரை ஓர் உலகச் சாம்பியனைக் கொண்டுபோனது. புகையிலை இன்னொருவரைக் கொண்டுவந்தது.

திரைக்கு மறுக்கும் அதிகாரமும் உண்டு. 1976இல் சர்டீஸ் அணி ஆணுறை நிறுவனமான டியூரெக்ஸின் விளம்பரத்தோடு வந்தபோது, குடும்பங்கள் பார்க்கும் நேரத்தில் இதைக் காட்ட முடியாது என்று பிபிசி கேமராக்களை விலக்கிக்கொண்டது. பிராண்ட்ஸ் ஹேட்சில் நடந்த ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டிய ஆலன் ஜோன்ஸ், ஹன்ட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து உலகச் சாம்பியன் ஆகப்போகும் மனிதரின் அந்த ஓட்டத்தைப் பிபிசி நேயர்கள் பார்க்கவில்லை.

கேமராவுக்காக ஓடிய கார்

1985இல் இந்த உறவு இன்னொரு படி ஏறியது. பிரெஞ்சு ஓட்டுநர் ஃபிரான்ஸ்வா எனோ அந்த ஆண்டு பிராபம் அணியில் நான்கு பந்தயங்களோடு விலகியிருந்தார். ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் பந்தயத்துக்கு ரெனோ அணி வழக்கமான இரண்டு கார்களோடு மூன்றாவதாக ஒன்றையும் இறக்கி அவரை அதில் ஏற்றியது. காரணம், அந்தக் காரில் பொருத்தியிருந்த கேமரா. பந்தயத்தின் நடுவிலிருந்து நேரலைப் படம் அனுப்பிய முதல் கார் அது. எட்டுச் சுற்றில் கிளட்ச் பழுதாகி நின்றுவிட்டது. எனோவின் ஃபார்முலா ஒன் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. ஓர் அணி ஒரே பந்தயத்தில் மூன்று கார்களை இறக்கியதும் அதுவே கடைசி. திரைக்காகவே ஓர் இருக்கை செய்யப்பட்ட இந்தக் கதை வரலாற்றில் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் நடந்தவற்றின் முன்னோட்டம் அதில் இருக்கிறது.

ஒருவர் ஏறினால் ஒரு நாடு பார்க்கும்

1987இல் ஹோண்டா என்ஜினைப் பெற்ற லோட்டஸ் அணியில் அயர்டன் சென்னாவுக்கு அடுத்த இருக்கை ஜப்பானியர் சதோரு நகஜிமாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி ஃபார்முலா ஒன்னை ஒளிபரப்பத் தொடங்கியது. ஹோண்டாவுக்குச் சொந்தமான சுசூகாவில் ஜப்பான் கிராண்ட் ப்ரீ நடந்தது. என்ஜின், ஓட்டுநர், தடம், சேனல் என நான்கும் ஒரே ஆண்டில் கைகோத்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியின் கதை இன்னும் பெரியது. 1991 ஆகஸ்டில் ஜோர்டன் அணியின் பெர்ட்ரான் கஷோ, லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவர்மீது கண்ணீர்ப்புகைத் தெளிப்பானை அடித்த வழக்கில் சிறைக்குப் போனார். அந்த வெற்றிடத்தை மெர்சிடஸ் நிறுவனம் பணம் கொடுத்து வாங்கி, தன் இளம் ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கரை பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் இறக்கியது. தகுதிச் சுற்றில் ஏழாவது இடம் பிடித்தார். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போனது. அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டன் அணி அவரைத் தூக்கிக்கொண்டது. அங்கிருந்த ரொபெர்ட்டோ மொரேனோ இருக்கையை இழந்தார். அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், ஓட்டுநர் ஒருவர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைத் தீர்க்க ஒப்பந்த அங்கீகார வாரியம் என்ற அமைப்பே வந்தது.

அதே 1991இல் ஜெர்மனியின் ஆர்டிஎல் சேனல் ஃபார்முலா ஒன்னைக் கையில் எடுத்தது. ஷூமாக்கரின் ஏழு பட்டங்களும், பின்னர் செபாஸ்டியன் வெட்டலின் நான்கும் அந்தச் சேனலில் இலவசமாக ஓடின. வெட்டலின் கடைசிப் பட்டம் 2013இல் வந்தது. 2020 முடிவில் ஆர்டிஎல் விலகியது. அடுத்த ஆண்டு முதல் நேரலை கட்டணச் சேனலுக்குப் போனது. நம் ஊர்க்காரர் ஜெயித்தால் சேனல் வாங்கும். சேனல் காட்டினால் விளம்பரதாரர் வருவார். விளம்பரதாரர் வந்தால் அடுத்த இளைஞருக்கு இருக்கை கிடைக்கும். இந்தச் சக்கரம் முன்னோக்கிச் சுற்றுவது போலவே பின்னோக்கியும் சுற்றும்.

இந்த ஏற்பாட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் பெர்னி எக்லெஸ்டோன். சிதறிக் கிடந்த ஒளிபரப்பு உரிமைகளை 1981இன் கான்கார்ட் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து தன் கைக்குள் கொண்டுவந்தார். நாட்டுக்கு ஒரு பெரிய சேனல், முழுப் பருவமும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அவருடையது. கட்டண ஒளிபரப்பில் அவருக்கும் ஆசை வந்தது. 1996இல் பல கோணங்களை நேயரே தேர்ந்தெடுக்கும் டிஜிட்டல் சேவையைத் தொடங்கினார், தொழில்நுட்பம் அபாரம். ஆனால் பக்கத்துச் சேனலில் அதே பந்தயம் இலவசமாக ஓடும்போது யார் பணம் கட்டுவார்கள்? 2002 முடிவில் அது மூடப்பட்டது. அடுத்து வந்தவர்கள் அந்தத் தோல்வியிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள்: கட்டணக் கதவு வேலை செய்ய வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் இலவசக் கதவைச் சாத்த வேண்டும்.

சாத்தப்பட்ட கதவு

பிரிட்டனில் அந்தக் கதவு ஒரே நாளில் சாத்தப்படவில்லை. 1978 முதல் பிபிசி தொடர்ந்து காட்டிவந்தது. 1997இல் உரிமை விளம்பரச் சேனலான ஐடிவிக்குப் போனது. 2005 சான் மரீனோ பந்தயத்தில் அலோன்சோவும் ஷூமாக்கரும் கடைசிச் சில சுற்றுகளில் ஒட்டி உரசி ஓடிக்கொண்டிருந்தபோது ஐடிவி விளம்பரத்துக்குப் போனது. நேயர்கள் கொதித்தார்கள், சேனல் மன்னிப்புக் கேட்டது. 2009இல் விளம்பரமே இல்லாத பிபிசிக்கு உரிமை திரும்பியதும் அதனால்தான் பொற்காலம் போலப் பட்டது. அந்தக் காலம் மூன்றே ஆண்டுகள். 2010இல் பிபிசியை நடத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் உறைய வைக்கப்பட்டதும் பிபிசி செலவைக் குறைக்க வேண்டி வந்தது. 2012 முதல் பாதி, 2015க்குப் பிறகு அதுவும் இல்லை. சேனல் 4 சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. 2019 முதல், பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ தவிர மற்ற பந்தயங்களின் நேரலை முழுக்க ஸ்கையின் கையில்.

இதனால் ஓட்டுநருக்கு என்ன ஆனது? இரண்டு பணப்பைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். இலவச ஒளிபரப்பில் பார்ப்பவர் அதிகம், அவர்கள் தருவது கவனம் மட்டுமே. அந்தக் கவனத்தை வாங்க விளம்பரதாரர் அணியிடமும் ஓட்டுநரிடமும் நேராக வருகிறார். கட்டண ஒளிபரப்பில் பார்ப்பவர் குறைவு, ஒவ்வொருவரும் பணம் தருகிறார். அது உரிமைத் தொகையாக மையத்துக்குப் போய், பரிசுப் பணமாக அணிகளுக்குப் பிரிகிறது. முதல் பையில் ஓட்டுநரின் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு. டாடா நிறுவனம் கார்த்திகேயனை ஆதரித்தது இந்தியக் கண்களுக்காக. இரண்டாவது பையில் அந்த மதிப்பு சுருங்குகிறது. தன் நாட்டில் சந்தா கட்டியவர்கள் மட்டுமே பார்க்கும் ஓட்டுநரைக் காட்டி உள்ளூர் நிறுவனத்திடம் பேரம் பேசுவது கடினம் என்பது என் வாசிப்பு.

இதை எல்லை தாண்டி நீட்டக் கூடாது. 2012 செப்டம்பர் 28 அன்று லூயிஸ் ஹாமில்டன் மெக்லாரனை விட்டு மெர்சிடஸுக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2014இல் வரவிருந்த புதிய என்ஜின் விதிகளுக்கு மெர்சிடஸ் எவ்வளவு ஆழமாகத் தயாராகிறது என்பதுதான் அந்த முடிவின் அடித்தளம். அங்கே அவர் ஆறு பட்டங்கள் வென்றார். உச்சியில் இருப்பவர்கள் காரைப் பார்த்து நகர்கிறார்கள். நடுவிலும் அடியிலும் இருப்பவர்களைத்தான் பணமும் திரையும் நகர்த்துகின்றன.

நகர்வே கதையானபோது

2017 ஜனவரியில் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் ஃபார்முலா ஒன்னை முழுமையாக வாங்கியது. நேரலை கட்டணச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், சுவருக்கு வெளியே ஒரு சாளரம் திறந்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடர்தான் அது. அதன் முதல் பருவத்தில், பட்டத்துக்காக மோதிய ஃபெராரியும் மெர்சிடஸும் கேமராவை உள்ளே விடவில்லை. வெற்றிக் கதை கைக்குக் கிடைக்காததால் தொடர் வேறொரு கதையைத் தேடியது: யார் போகிறார், யார் வருகிறார், யாருக்கு இருக்கை இல்லை. அதில் நாயகன் போல எழுந்தவர் 2018இல் ரெட் புல்லை விட்டு ரெனோவுக்குப் போக முடிவெடுத்த ரிக்கியார்டோ. சில்வர்ஸ்டோனில் கார்த்திகேயனின் இருக்கையில் ஏறியவர்தான்.

அதன்பின் அணி மாற்றம் என்பது பந்தயத்துக்கு இணையான இன்னொரு ஆட்டமாகிவிட்டது. 2022இல் ஜூலை 28 அன்று வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1 அன்று அந்த இருக்கை அலோன்சோவுக்கு என்றது ஆஸ்டன் மார்ட்டின். மறுநாள், அலோன்சோ விட்டுச்சென்ற இடத்தில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி ஓட்டுவார் என்று ஆல்பீன் அறிவித்தது. சில மணி நேரத்தில் ‘நான் ஓட்டவில்லை’ என்று பியாஸ்ட்ரியே சமூக ஊடகத்தில் மறுத்தார். ஷூமாக்கர் காலத்தில் பிறந்த அதே வாரியம் செப்டம்பரில், அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த மெக்லாரனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பியாஸ்ட்ரிக்காக மெக்லாரன் காலி செய்த இருக்கை யாருடையது? ரிக்கியார்டோவுடையது. முந்தைய ஆண்டுதான் மொன்சாவில் அந்த அணிக்கு வெற்றி தேடித் தந்திருந்தார். 2023 நடுவில் வேறோர் அணியில் மீண்டும் ஏறினார். 2024இல் சிங்கப்பூர் பந்தயத்தோடு அதுவும் போனது. எட்டு வெற்றிகளும் உலகெங்கும் தெரிந்த சிரிப்பும் அவரைக் காக்கவில்லை. திரை ஒருவருக்குக் கூடுதல் வாய்ப்பு வாங்கித் தரலாம். பத்தில் மூன்று பங்கு நொடியை வாங்கித் தராது.

திரை எதைத் தவறவிடுகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். மொனாக்கோ பந்தயத்தின் படப்பதிவை நெடுங்காலம் உள்ளூர்த் தொலைக்காட்சியே இயக்கிவந்தது. 2021இல் வெட்டலும் கஸ்லியும் அருகருகே மேட்டில் ஏறிய கணத்தில், லான்ஸ் ஸ்ட்ரோல் தடத்தின் விளிம்பில் மோதிய காட்சிக்குத் தாவினார் இயக்குநர். அந்த ஆண்டு மொனாக்கோவில் பார்க்கத் தகுந்த சில நொடிகளில் அந்த இருவரின் போட்டியும் ஒன்று. 2023 முதல் அந்தப் பொறுப்பையும் ஃபார்முலா ஒன் நிறுவனமே எடுத்துக்கொண்டது. தன் விளையாட்டைத் தானே படம்பிடித்து, தானே விற்கும் நிலை முழுமையடைந்தது.

பேச்சு இருக்கை

திரை இன்னொரு வகை இருக்கையையும் உருவாக்கியது. ஹன்ட் 1979இல் பாதிப் பருவத்தில் காரை விட்டிறங்கி, 1980 முதல் 1993இல் இறக்கும்வரை பிபிசியில் முர்ரே வாக்கருடன் வர்ணனை செய்தார். மார்ட்டின் பிரண்டில் 158 பந்தயங்கள் ஓட்டி ஒன்றிலும் வெல்லவில்லை. 1996இல் ஓட்டுநர் வாழ்க்கை முடிந்ததும் ஐடிவியில் சேர்ந்து, பிபிசி, ஸ்கை என்று உரிமை போன வழியிலெல்லாம் போனார். ஓட்டுநருக்கு அணி எப்படியோ, வர்ணனையாளருக்குச் சேனல் அப்படி. ஒப்பந்தம் முடிந்தால் அங்கும் இடமாற்றம்தான். 2017இல் பருவத்தின் நடுவே ரெனோவில் இருக்கையிழந்த ஜோலியன் பால்மர் அடுத்த ஆண்டே பிபிசி வானொலியில் மைக்கைப் பிடித்தார்.

சந்தோக்கின் பாதை இங்கேதான் வந்து சேர்கிறது. 2010இல் எச்ஆர்டியில் பத்துப் பந்தயங்கள், பிறகு அந்த இருக்கை ஜப்பானியர் யமமோட்டோவுக்கு. 2011இல் லோட்டஸில் ஒரே ஒரு பந்தயம். மொத்தம் பதினொன்று. 2016இல் சேனல் 4, 2019 முதல் ஸ்கை. ஓட்டியதைப் போலப் பல மடங்கு பந்தயங்களை அவர் பிரித்து விளக்கியிருக்கிறார். இருபத்து நான்கு மணி நேரமும் ஃபார்முலா ஒன் ஓடும் தனிச் சேனல் என்றால் முன்னாள் ஓட்டுநர்கள் பலர் வேண்டும். கட்டண ஒளிபரப்பு மூடிய கதவுகளைப் பேசும்போது அது திறந்த இந்தச் சிறு கதவையும் சொல்ல வேண்டும். சென்னைக்காரர் ஒருவர் பிரிட்டிஷ் வீடுகளில் அன்றாடக் குரலானது அந்தக் கதவு வழியாகத்தான்.

நம் பக்கத்துத் திரை

இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2022 வரை காட்டியது. 2023இல் கேபிள் வைத்திருந்தவர்களுக்கு ஃபார்முலா ஒன் மறைந்தது. ஃபார்முலா ஒன் நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2024 முதல் ஃபேன்கோட் செயலி. ரிமோட்டை அழுத்தும்போது தற்செயலாகக் கண்ணில் படும் விளையாட்டு, தேடிப் போனால் மட்டுமே கிடைக்கும் விளையாட்டாகிவிட்டது. கார்த்திகேயன் 2012இல் கடைசியாக ஓட்டியதற்குப் பிறகு எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கவில்லை. நொய்டாவில் 2013க்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயமும் இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்தப் பந்தயத் தொடர் யூடியூபில் இலவசமாக ஓடுகிறது. தாங்குதிறன் பந்தயம் என்றால் என்னவென்றே அறியாத தமிழ் ரசிகர்கள் நள்ளிரவில் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு இருக்கை வந்து, பிறகு திரை வந்தது. இவருக்குத் திரை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. கண்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு தடத்துக்குப் போனார்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி தடத்திலோ இன்று சுற்று நேரத்தைக் குறைக்கப் பாடுபடும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படிக் கூட்டிப்போகக் கண்கள் இல்லை. அந்தப் பிள்ளையின் நேரத்தைப் பயிற்சியாளர் குறித்துக்கொள்வார். அதை வேறு யார் பார்ப்பார்கள் என்பதற்கு இப்போதைக்குப் பதில் இல்லை.

2011 அக்டோபர் 30இன் முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பதினேழாவது இடத்தில் கார்த்திகேயன், பதினெட்டாவதில் அதே அணியின் ரிக்கியார்டோ. ஒரு நாளைக்கு மட்டும் கொடுத்த இருக்கையில் உட்கார்ந்து, தன் இடத்துக்கு வந்தவரை முந்தி முடித்திருக்கிறார் நரேன். அந்த வாரம் நாடு பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த பந்தயத்துக்கு இருக்கை லியுஸியிடம் திரும்பிப் போய்விட்டது.